காந்தத்தால் ஒரு லென்ஸ்

செல்லமே, உன் அறிவியல் புத்தகத்தில் வைரஸ் படம் ஒன்று இருக்கும். கொரோனா காலத்தில் செய்தித்தாள்களிலும் அப்படி ஒரு படம் வந்தது. உருண்டையாக ஒன்று; அதன் உடம்பு முழுக்க முட்கள். அதைப் பார்த்ததும் உனக்கு ஒரு சந்தேகம் எழுந்ததா?

"பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியில் வைரஸ் தெரியாது என்று டீச்சர் சொன்னாரே! அப்படியானால் இதை யார் பார்த்தார்கள்? எதை வைத்துப் பார்த்தார்கள்?"

எழுந்தது என்றால் சபாஷ்! படத்தைப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டிவிடாமல், அந்தப் படம் எப்படி வந்தது என்று கேட்கிறாயே, அங்கேதான் அறிவியல் தொடங்குகிறது. வா, பக்கத்தில் உட்கார். ஜெர்மனியில் வாழ்ந்த எர்ன்ஸ்ட் ருஸ்கா என்பவரைப் பற்றிச் சொல்கிறேன்.

வெளிச்சம் போட்ட எல்லை

முதலில் ஓர் அளவைப் பழகிக்கொள்வோம். உன் ஸ்கேலை எடு. அதில் இருப்பதிலேயே சின்ன இடைவெளி ஒரு மில்லிமீட்டர். அதைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால், ஒரு பங்கின் பெயர் நானோமீட்டர்.

உன் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். பாக்டீரியாக்களில் பல, ஆயிரம் இரண்டாயிரம் நானோமீட்டர் நீளம் இருக்கும். கொரோனா வைரஸ் சுமார் 100 நானோமீட்டர். போலியோ வைரஸ் இன்னும் பொடிசு, சுமார் 30 நானோமீட்டர்தான்.

பாக்டீரியாவைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். வைரஸை மட்டும் ஏன் பார்க்க முடியவில்லை? லென்ஸ் நன்றாக இல்லையா? இல்லை செல்லமே. குறை லென்ஸில் இல்லை. வெளிச்சத்திலேயே ஓர் எல்லை இருக்கிறது.

வெளிச்சம் அலையாகப் பரவுகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரம்தான் அலைநீளம்.

அடுத்த முறை குளத்துக்குப் போகும்போது ஒரு கல்லைப் போட்டுப் பார். வட்ட வட்டமாக அலை கிளம்பும். அது படித்துறைக் கல்லில் மோதினால் திரும்பும், சிதறும். அந்தக் கல்லுக்குப் பின்னால் தண்ணீர் அதிகம் அசையாது. அதே அலை ஓர் அல்லித்தண்டை அடைந்தால்? அங்கே தண்டு இருப்பதே அலைக்குத் தெரியாது. அது பாட்டுக்குக் கடந்து போய்விடும். அலை தன்னைவிட மிகச் சின்னப் பொருளைப் பற்றி நமக்குச் சேதி கொண்டுவராது.

வெளிச்சத்துக்கும் இதே கதைதான். ஜெர்மனியின் யேனா நகரத்தில் எர்ன்ஸ்ட் அபே என்ற விஞ்ஞானி 1873இல் இந்த எல்லையை வகுத்து எழுதினார். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் உள்ள தூரம் அலைநீளத்தில் சுமார் பாதிக்கும் குறைவாக இருந்தால், அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது. அதாவது சுமார் 200 நானோமீட்டர்தான் எல்லை. கண்ணாடியை எவ்வளவு அருமையாகத் தேய்த்தாலும் அதற்குக் கீழே போக வழியில்லை.

இதுவரை புரிகிறதா? வெளிச்சத்தின் அலை பெரிது, வைரஸ் சிறிது. அதனால் வெளிச்சத்தை விட்டுவிட்டு வேறொன்றைத் தேட வேண்டும். இந்த இடம் உனக்குத் தெளிவாகிவிட்டால் மீதிக் கதை சுலபம்.

தொடக்கூடாத நுண்ணோக்கி

எர்ன்ஸ்ட் ருஸ்கா 1906ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி ஹைடல்பர்க் நகரத்தில் பிறந்தார். அவருடைய அப்பா யூலியுஸ் ருஸ்கா பெரிய படிப்பாளி. அப்பாவின் அறையில் ஸைஸ் நிறுவனத்தின் பெரிய நுண்ணோக்கி ஒன்று இருந்தது. எர்ன்ஸ்டும் தம்பி ஹெல்முட்டும் அதைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். சின்னக் கைகள் அதன் திருகைத் தாறுமாறாகத் திருகினால் லென்ஸ் கீழே இறங்கிக் கண்ணாடித் தட்டில் மோதிவிடுமே! அப்பாவே எப்போதாவது கூப்பிட்டு ஏதாவது காட்டினால்தான் உண்டு.

அந்த அண்ணன் தம்பி இருவரையும் மறந்துவிடாதே. ஹெல்முட் பிறகு மருத்துவம் படித்தார். கதையின் பின்பாதியில் அவருக்குப் பெரிய வேலை இருக்கிறது.

எர்ன்ஸ்ட் மின்பொறியியல் படித்தார். முதலில் மியூனிக், பிறகு பெர்லின். பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் உயர் மின்னழுத்த ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே மாக்ஸ் க்னோல் என்பவரின் குழுவில் மாணவராகச் சேர்ந்தார். வயது இருபத்திரண்டோ என்னவோ.

அந்தக் குழு நுண்ணோக்கி செய்வதற்காகக் கூடியதல்ல. அவர்களுடைய கவலை மின்கம்பிகளைப் பற்றியது. மின்னல் போன்றவற்றால் கம்பிகளில் மின்சாரம் திடீரென்று எகிறும். கண் இமைப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். அதைப் பதிவு செய்ய ஒரு கருவி வேண்டும். காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் எலெக்ட்ரான்களைப் பாய்ச்சி, ஒளிரும் திரையில் கோடு வரைய வைக்கும் கருவி அது.

எலெக்ட்ரான் என்றால் உனக்குத் தெரியும். அணுவுக்குள் இருக்கும் மிக மிகச் சிறிய துகள். அதற்கு மின்னூட்டம் உண்டு.

கோடு மெல்லியதாக விழுந்தால்தானே சரியாக அளக்கலாம்? அதற்குச் சிதறிப் போகும் எலெக்ட்ரான்களை ஒரே புள்ளியில் சேர்க்க வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்பதுதான் ருஸ்காவுக்கு வந்த வேலை.

கண்ணாடி இல்லாத லென்ஸ்

பூதக்கண்ணாடியால் வெயிலை ஒரு புள்ளியில் குவித்திருக்கிறாயா? வெளிச்சம் கண்ணாடிக்குள் புகுந்து வளைகிறது, ஒரே இடத்தில் சேர்கிறது. எலெக்ட்ரானை அப்படிக் கண்ணாடியால் குவிக்க முடியாது. அது கண்ணாடிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

எலெக்ட்ரானை வளைக்க வேறொரு வழி உண்டு. காந்தம்! ஓடுகிற எலெக்ட்ரானுக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால், அது பாதை மாறித் திரும்பும்.

1926இல் ஹான்ஸ் புஷ் என்ற இயற்பியலாளர் ஒரு கணக்குப் போட்டார். செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி மின்சாரம் பாய்ச்சினால் அது காந்தமாகும். அந்தச் சுருளின் நடுவே எலெக்ட்ரான்களை அனுப்பினால், சுருள் அவற்றுக்கு ஒரு லென்ஸாகவே வேலை செய்யும் என்று அவருடைய கணக்கு சொன்னது.

புஷ் காகிதத்தில் எழுதியதை ருஸ்கா மேசையில் வைத்துச் சோதித்தார். சுருளுக்கு முன்னால் சின்னத் துளை ஒன்று. சுருளுக்குப் பின்னால் திரை. துளையின் பிம்பம் திரையில் விழுந்தது. தூரத்தை மாற்றினார், மின்சாரத்தை மாற்றினார், ஒவ்வொரு தடவையும் பிம்பம் எவ்வளவு பெரிதாகிறது என்று அளந்தார். கண்ணாடி லென்ஸுக்கு நாம் படிக்கிற அதே விதிக்குச் சுருளும் கட்டுப்பட்டது!

அந்தச் சுருளுக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போமா?

ஒரு புள்ளியிலிருந்து எலெக்ட்ரான்கள் பல திசைகளில் விரிந்து கிளம்புகின்றன. சுருளின் நடுக்கோட்டில் போகிறவை நேராகப் போய்விடும். நடுக்கோட்டை விட்டு விலகிப் போகிறவற்றைக் காந்தம் சுழற்றி உள்ளே திருப்பும். எவ்வளவு விலகல் இருக்கிறதோ, அவ்வளவு அதிகம் திருப்பும். அதனால் மறுபக்கத்தில் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து கூடுகின்றன. சுழன்று சுழன்று வருவதால் பிம்பமே கொஞ்சம் திரும்பியிருக்கும்.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கண்ணாடி லென்ஸின் வலிமையை மாற்ற வேண்டுமானால் வேறு லென்ஸ்தான் போட வேண்டும். காந்த லென்ஸுக்கு ஒரு குமிழைத் திருப்பினால் போதும். மின்சாரம் கூடினால் லென்ஸின் வலிமையும் கூடும்.

ருஸ்கா அந்தச் சுருளை இரும்புக் கூட்டுக்குள் வைத்து, ஒரு குறுகிய இடைவெளியை மட்டும் திறந்துவிட்டார். காந்தப்புலம் முழுக்க அந்த இடைவெளியில் செறிந்தது. லென்ஸ் இன்னும் வலுவானது.

இருபது மடங்குகூட இல்லை!

ருஸ்கா பட்டம் வாங்கியபோது ஜெர்மனியில் கடும் பொருளாதார நெருக்கடி. வேலை கிடைக்கவில்லை. சம்பளம் இல்லாமலே ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்தார்.

1931ஆம் ஆண்டு, ஏப்ரல் 7. க்னோலும் ருஸ்காவும் இரண்டு சுருள்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார்கள். முதல் சுருள் ஒரு பிளாட்டினக் கம்பிவலையின் பிம்பத்தைப் பெரிதாக்கியது. அந்தப் பிம்பத்தை இரண்டாவது சுருள் மறுபடியும் பெரிதாக்கியது. திரையில் வலையின் கட்டங்கள் தெரிந்தன.

எத்தனை மடங்கு பெரிதாகத் தெரிந்திருக்கும், சொல் பார்க்கலாம். ஆயிரம்? பத்தாயிரம்? இல்லை. இருபது மடங்குகூட இல்லை! உன் பள்ளி நுண்ணோக்கியே நூறு மடங்கு காட்டுமே.

பிறகு ஏன் அதைக் கொண்டாடுகிறோம்? நல்ல கேள்வி. பிம்பத்தின் பிம்பத்தை எலெக்ட்ரானால் எடுக்க முடியும் என்று அன்றைக்குத்தான் நிச்சயமானது. இனி லென்ஸை வலுவாக்குவதுதான் வேலை. அடுக்கிக்கொண்டே போகலாம்.

வாட்டமும் ஒரு கணக்கும்

அந்த வருடமே ருஸ்காவின் காதில் ஒரு செய்தி விழுந்தது. எலெக்ட்ரானும் அலையாக நடந்துகொள்கிறது என்று பிரான்சில் லூயி த ப்ராய் என்பவர் 1924இலேயே எழுதியிருக்கிறார்!

ருஸ்காவின் மனம் வாடிப்போனது. ஏன் என்று உன்னால் சொல்ல முடியுமா? கொஞ்சம் யோசி.

ஆமாம்! எலெக்ட்ரான் வெறும் துகள் என்று அவர் நம்பியிருந்தார். துகள் என்றால் அலைநீளம் என்ற தொல்லையே இல்லை. அதுவும் அலைதான் என்றால், வெளிச்சத்துக்கு அபே போட்ட எல்லைக்கோடு இங்கேயும் வந்துவிடுமே. இத்தனை உழைப்பும் வீணா?

அவர் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. "அலைதான், சரி. எவ்வளவு நீளமான அலை?" என்று கணக்குப் போட்டார். த ப்ராய் கொடுத்த சூத்திரத்திலேயே எண்களைப் போட்டுப் பார்த்தார்.

விடை என்ன தெரியுமா? வெளிச்சத்தின் அலைநீளத்தில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு! 75,000 வோல்ட் மின்னழுத்தத்தில் ஓடும் எலெக்ட்ரானின் அலைநீளம் 0.0043 நானோமீட்டர்தான். அல்லித்தண்டு என்ன, அதைவிட எத்தனையோ மடங்கு மெல்லியதும் இந்த அலையிடம் தப்ப முடியாது. எல்லை இருக்கிறது, ஆனால் அது வெகு தூரத்தில் இருக்கிறது. வாட்டம் மகிழ்ச்சியானது.

செல்லமே, ஓர் இயற்பியலாளர் செய்கிற வேலையை எனக்கு ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். "முடியாது" என்ற இடத்தில் "எவ்வளவு?" என்று கேட்பது.

கருகிய பஞ்சு நூல்

ருஸ்கா அடுத்த கருவியை 1933இல் கட்டினார். அதன் லென்ஸ்களில் இரும்பு முனைகள் இருந்தன. இந்த யோசனையை நண்பர் போடோ ஃபான் பொரீஸும் அவரும் சேர்ந்து உருவாக்கினார்கள். இப்போது 12,000 மடங்கு பெரிதாகத் தெரிந்தது. வெளிச்ச நுண்ணோக்கியின் எல்லையை மனிதன் தாண்டிவிட்டான்!

உடனே எல்லோரும் ஓடிவந்து பாராட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறாயா? அதுதான் இல்லை. அந்தக் கருவியில் பஞ்சு நூலை வைத்துப் பார்த்தால், எலெக்ட்ரான்களின் சூட்டில் நூல் கருகிப்போனது. "உயிர்களிலிருந்து எடுத்தது எல்லாம் இதில் கரியாகிவிடும். கரியைப் பார்க்க ஒரு கருவியா?" என்று பலரும் சந்தேகப்பட்டார்கள்.

ருஸ்கா மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். எவ்வளவு சூடு? எதனால் சூடு?

பொருள் தடிமனாக இருந்தால் எலெக்ட்ரான்கள் அதற்குள் மாட்டிக்கொள்ளும். தங்கள் ஆற்றலை அங்கேயே கொட்டிவிடும். அதனால்தான் சூடு. பொருளை மிக மிக மெல்லியதாக வைத்தால்? பெரும்பாலான எலெக்ட்ரான்கள் ஊடுருவிப் போய்விடும். சில மட்டும் வழியில் உள்ள அணுக்களால் திசை மாறிச் சிதறும். சிதறியவை திரைக்கு வராது. அந்த இடம் திரையில் இருட்டாகத் தெரியும். படம் கிடைக்க அதுவே போதும். பொருள் எலெக்ட்ரானை விழுங்க வேண்டியதில்லை. விழுங்காவிட்டால் சூடும் குறைவு.

வழி தெரிந்துவிட்டது. பணம்தான் இல்லை. ருஸ்கா பிழைப்புக்காக ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று வருடங்கள் அவரும் ஃபான் பொரீஸும் பல கதவுகளைத் தட்டினார்கள்.

அண்ணனும் தம்பியும்

அப்போது தம்பி ஹெல்முட் மருத்துவர். இந்தக் கருவி மருத்துவத்துக்கு எவ்வளவு பயன்படும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அந்தக் காலத்தில் வைரஸைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியிலும் அது நழுவிப் போகும். அது துகளா, திரவமா என்றுகூடச் சண்டை நடந்திருக்கிறது.

ஹெல்முட்டின் ஆசிரியர் ரிச்சர்ட் ஸீபெக் பெர்லினில் மருத்துவப் பேராசிரியர். அவர் 1936இல் இந்தக் கருவியின் பயனை விளக்கி ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு கதவு திறந்தது. 1937இல் சீமன்ஸ் நிறுவனம் பெர்லினில் ருஸ்காவுக்கும் ஃபான் பொரீஸுக்கும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்தது. 1939இல் முதல் விற்பனைக் கருவி வெளியே வந்தது.

அண்ணன் கருவியைக் கட்ட, தம்பி அதில் நோய்க்கிருமிகளை வைத்துப் பார்த்தார். 1939இல் ஹெல்முட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் புகையிலைச் செடிக்கு நோய் தரும் மொசைக் வைரஸின் படத்தை வெளியிட்டார்கள். குச்சி குச்சியாக இருந்தது. ஒவ்வொன்றும் சுமார் 300 நானோமீட்டர் நீளம், 18 நானோமீட்டர் தடிமன். வைரஸ் திரவமில்லை, துகள்தான்! சண்டை தீர்ந்தது.

உள்ளே எட்டிப் பார்ப்போம்

இன்றைய எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஆள் உயரத்தையும் தாண்டும் ஓர் உலோகத் தூண். உச்சியில் எலெக்ட்ரான்கள் கிளம்பும் இடம். அங்கிருந்து கீழே வரும் வழியில் சுருள் லென்ஸ்கள் வரிசையாக இருக்கும். தூணுக்குள் காற்றே இருக்கக்கூடாது. இருந்தால் எலெக்ட்ரான்கள் காற்றில் மோதிச் சிதறிவிடும்.

பார்க்க வேண்டிய பொருளை வைரக் கத்தியால் 100 நானோமீட்டருக்கும் மெல்லியதாகச் சீவுவார்கள். சீவிய துண்டுகள் கத்தியை ஒட்டியிருக்கும் தண்ணீரில் மிதக்கும். அவற்றை 3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு செம்பு வலையில் பக்குவமாக எடுப்பார்கள். உன் சுண்டுவிரல் நகத்தின் மேல் அந்த வலை அடங்கிவிடும். பெரிய கருவி, ஆனால் அதற்குள் போகிற பொருள் அத்தனை சின்னது!

இன்னொன்றும் தெரிந்துகொள். எலெக்ட்ரானுக்கு நிறம் கிடையாது. அதனால் கிடைக்கும் படம் கறுப்பு வெள்ளைதான். புத்தகத்தில் சிவப்பும் பச்சையுமாக இருக்கும் வைரஸ் படங்களுக்கு வண்ணம் பிறகு தீட்டப்பட்டது. அடுத்த முறை பார்க்கும்போது உன் தோழர்களுக்கும் சொல்.

இன்றைய மிகச் சிறந்த கருவிகளில் 0.1 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளிகூடத் தெரிகிறது. அணுக்களையே வரிசையாகப் பார்க்கலாம்.

1986இல் ருஸ்காவுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. முதல் பிம்பம் விழுந்து 55 வருடங்கள் ஆகியிருந்தன. அவருக்கு வயது 79. பரிசின் மற்றொரு பாதியை, வேறு வகை நுண்ணோக்கி ஒன்றைக் கண்டுபிடித்த பின்னிக், ரோரர் என்ற இருவர் பெற்றார்கள். க்னோல், ஃபான் பொரீஸ், தம்பி ஹெல்முட் மூவரும் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். இறந்தவர்களுக்கு நோபல் பரிசு தரும் வழக்கம் இல்லை. ஆனால் இந்தக் கதையைச் சொல்லும்போது அவர்கள் பெயரையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும். பல பேர் தோள் கொடுத்துத் தூக்கிய வேலை இது.

சரி, இப்போது பென்சிலை எடு. ருஸ்கா செய்ததையே நீயும் செய்து பார். உன் தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டர். போலியோ வைரஸ் 30 நானோமீட்டர். முடியின் குறுக்கே ஒன்றை ஒன்று ஒட்டி அடுக்கினால் எத்தனை வைரஸ் நிற்கும்? வகுத்துப் பார், 2,600க்கும் மேலே வரும். இது நாம் சேர்ந்து போட்டது. அடுத்ததை நீயே போட வேண்டும்: உன் ஸ்கேலில் உள்ள ஒரு மில்லிமீட்டரில் புகையிலை மொசைக் வைரஸை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் எத்தனை நிற்கும்?